பௌல் ஆட்டத்துக்கு டல்லாஸா, சான் அன்டோனியோவா?

கேள்வி: மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி எட்டு ஆட்டங்களை வென்று, பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது. எங்கே ஆடுவார்கள் என்பது டிசம்பரில்தான் தெரியுமாம். சான் அன்டோனியோ, ஹூஸ்டன், டல்லாஸ், அட்லாண்டா என்று பேச்சு அடிபடுகிறது. தெற்கத்திய நகரங்களில் கார் இல்லாமல் காபி குடிக்கக்கூடப் போக முடியாது, பாதி நேரம் சாலையிலேயே கரைந்துவிடும் என்கிறார்கள். நாலு பேர், மூன்று இரவு. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஊர் எத்தனை சதுர மைல் என்ற கணக்கு அங்கே குடியிருப்பவர்களுக்கானது. நீங்கள் வரைபடத்தில் நாலே இடங்களைக் குறித்துப் பாருங்கள்: விமான நிலையம், விடுதி, அரங்கம், மாலையில் சுற்றும் கடைத்தெரு. விடுதியிலிருந்து அரங்கத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தோ ஒரே ரயிலிலோ போக முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

சான் அன்டோனியோ சுமார் 15 லட்சம் பேர் வாழும், நாலாபுறமும் பரந்து கிடக்கும் ஊர். ஆனால் ஆலமோ பௌல் நடக்கும் ஆலமோடோம், நகர மையத்தை ஒட்டியே இருக்கிறது. ரிவர் வாக் என்ற ஆற்றங்கரை நடைபாதைப் பக்கம் அறை எடுத்தால், ஐ-37 நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து இருபது நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். விமான நிலையம் எட்டு ஒன்பது மைல்தான். மாலையில் தெருவிலிருந்து ஒரு மாடி உயரம் படி இறங்கினால் ஆறு, இரு கரையிலும் உணவகங்கள், மரங்களில் கிறிஸ்துமஸ் விளக்குகள். மூன்று இரவுக்கும் கார் தேவைப்படாது. என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் இதுதான் முதல்.

இதற்கு நேர் எதிர், டல்லாஸை அடுத்த ஆர்லிங்டன். மக்கள் தொகை சுமார் 4 லட்சம்தான். ஆனால் 2010 முதல் காட்டன் பௌல் நடக்கும் ஏடி அண்ட் டி அரங்கத்துக்கு ரயில் கிடையாது. டல்லாஸ் மையத்திலிருந்து 20 மைல், ஃபோர்ட் வொர்த்திலிருந்து சுமார் 15 மைல். இரவு ஆட்டம் முடிந்து பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஊபரைத் தட்டும்போது கட்டணம் எகிறும், ஓட்டுநரும் நெரிசலில் மாட்டிக்கொள்வார். அங்கே போக நேர்ந்தால் அரங்கத்தை ஒட்டிய விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். பங்கேற்கும் விடுதிகளின் விருந்தினருக்கு இலவச டிராலி பேருந்து உண்டு. மறுநாள் பழைய மாட்டுச் சந்தை வட்டாரமான ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸுக்குப் போங்கள், காலை 11.30, மாலை 4 என இரண்டு வேளை நீள்கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டி வருவார்கள்.

ஆனால் எட்டு வெற்றி அணிக்கு இந்தக் கவலை வராது. காட்டன் பௌலும் அட்லாண்டாவின் பீச் பௌலும் 2024 பருவம் முதல் சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணி பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கே போய்விட்டன. உங்களுக்கு ‘டல்லாஸ்’ என்றால் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பௌல்தான். அது நடப்பது எஸ்எம்யூ பல்கலைக்கழக வளாகத்து ஃபோர்டு அரங்கில். நகர மையத்திலிருந்து டார்ட் என்ற நகர ரயிலேறி மாக்கிங்பர்ட் நிலையத்தில் இறங்கினால் மிச்சம் நடைதான். ஒரே ஊர்ப்பெயர், இரண்டு அரங்கம், இரண்டு விதமான பயணம். அதனால் ஊரைக் கேட்டதோடு நிற்காமல் அரங்கத்தின் பெயரையும் கேளுங்கள்.

அதே டல்லாஸில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தெற்கில் டிசம்பரில் பயப்பட வேண்டியது பனியைவிட இடிமழை. 2018 டிசம்பர் 26 அன்று இதே ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் பௌல், ஃபேர் பார்க்கில் உள்ள பழைய காட்டன் பௌல் அரங்கில் நடந்தபோது, முதல் கால்பகுதியிலேயே மின்னலால் நின்று, கடைசியில் முடிவே இல்லாமல் கைவிடப்பட்டது. அருகில் மின்னல் வெட்டும் ஒவ்வொரு முறையும் 30 நிமிடக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். ஃபோர்டு அரங்கத்துக்கும் கூரை இல்லை. குடையைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள், மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். ஆலமோடோமுக்கும் ஹூஸ்டன் அரங்கத்துக்கும் கூரை உண்டு.

ஹூஸ்டன் இரண்டுங்கெட்டான். டெக்சஸ் பௌல் அரங்கம் பழைய ஆஸ்ட்ரோடோம் அரங்கத்துக்குப் பக்கத்தில். நகர மையத்திலிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடம் வாசல் வரை போகிறது. அந்தத் தடத்தில் அருங்காட்சியக வட்டாரத்திலோ மெடிக்கல் சென்டர் பக்கமோ தங்கினால் கார் இல்லாமலே சமாளிக்கலாம். ஆனால் இரண்டு விமான நிலையங்களுக்குமே ரயில் இல்லை. ஹாபி விமான நிலையத்துக்கு டிக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள். வடகோடியில் இருக்கும் புஷ் விமான நிலையத்திலிருந்து வருவதைவிடப் பாதி தூரம்கூட இல்லை.

அட்லாண்டாவை வேறொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குள்ளிருந்தே மார்ட்டா என்ற நகர ரயில் கிளம்பும். ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தடி நிலையத்தில் முண்டியடிக்காமல் ஃபைவ் பாயின்ட்ஸ் வரை நடந்துவிட்டால் வண்டி மாறும் வேலையும் மிச்சம்.

பை விஷயத்தில் பலர் வாசலில் மாட்டுகிறார்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான் செல்லும். அதுவும் 12க்கு 12க்கு 6 அங்குலத்துக்குள். சாதாரணக் கைப்பை என்றால் 4.5க்கு 6.5 அங்குலம், அதாவது உள்ளங்கை அளவு. திருப்பி அனுப்பினால் பையைக் காரில் வைக்கலாம், ரயிலில் வந்தவர் என்ன செய்வார்?

டிக்கெட்டைப் பல்கலைக்கழக ஒதுக்கீட்டில் வாங்கினால் உங்கள் அணி ரசிகர்களோடு உட்காரலாம். மலிவுதான் முக்கியம் என்றால் பொறுங்கள். பிளே-ஆஃப் அல்லாத ஆட்டங்களில் நாள் நெருங்க நெருங்க மறுவிற்பனை விலை இறங்குவதே வழக்கம். எதிரணி உள்ளூர்க்காரர்கள் என்றால் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும்.

விமான டிக்கெட் அப்படியல்ல. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று ஆட்டப் பட்டியல் வந்த சில மணி நேரத்திலேயே விலை ஏறத் தொடங்கும், அன்றே எடுத்துவிடுங்கள். சான் அன்டோனியோவுக்கு விலை கட்டுப்படியாகாவிட்டால் சுமார் 80 மைல் தள்ளியுள்ள ஆஸ்டினையும் பாருங்கள், ஐ-35 நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி. விடுதியை மட்டும் இப்போதே, மூன்று ஊர்களிலும், ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் கட்டணத்தில் பிடித்து வையுங்கள். ஊர் தெரிந்த அன்றிரவே மற்ற இரண்டையும் ரத்து செய்துவிடுங்கள்; கெடு தாண்டினால் ஓர் இரவு வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள்.