பாட்டுக்கு வாசிப்பதும் தனக்காக வாசிப்பதும்

கேள்வி: எனக்கு வயது 27. பதினாறு ஆண்டுகளாக மிருதங்கம் பயின்று, இப்போது கச்சேரிகளில் வாசித்து வருகிறேன். அண்மையில் ஒரு மூத்த பாடகருக்கு வாசித்தேன். அழைப்பிதழில் என் பெயரே இல்லை. கச்சேரி முடிந்ததும் அவர் பலர் முன்னிலையில், "உனக்கு ஈகோ அதிகம், பாட்டுக்கு வாசி, உனக்காக வாசிக்காதே" என்றார். அதன்பின் அவர் அழைத்த இரண்டு கச்சேரிகளை மறுத்துவிட்டேன். தன்னை அழித்துக்கொண்டால்தான் ஒருவருக்கு மேடையில் இடம் உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அழைப்பிதழைப் பொறுத்தவரை நியாயம் முழுவதும் உங்கள் பக்கமே இருக்கிறது. மேடையில் அமர்ந்து வாசிப்பவரின் பெயரை அச்சிடுவது ஏற்பாட்டாளர்களின் கடமை. அதைக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இளையவர் ஒருவர் தமக்கு உரியதைக் கேட்டாலே "ஈகோ" என்று சொல்லி வாயடைக்கும் வழக்கம் நம்மிடையே பரவியிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை (1908–1962) நினைத்துப் பாருங்கள். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கருஞ்சாந்து பூசிய முகம், அவையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால், வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் அமரும் மிருதங்க வித்துவான் இவர் விஷயத்தில் இடப்பக்கம் அமர வேண்டியிருந்தது. வயலின் வித்துவானோ தம் இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது. அதற்கு இசையாதவர்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். கையை மாற்றிக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்பது, பழைய பதிவுகளில் அவருடைய கும்கியை, அதாவது இடந்தலையில் எழும் வளைந்த நாதத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவரிடம் உண்மையான தனித்தன்மை இருக்குமானால் அதற்காக மற்றவர்கள் தங்கள் இருக்கையைச் சற்று நகர்த்திக்கொள்வதே முறை. அதே வேளையில், சர்வலகுவில், அதாவது தாளத்தின் சீரான இயல்பு நடையில், பாட்டோடு ஒட்டிச் செல்லும் வாசிப்புக்குப் பெயர் பெற்றவரும் அவரே. மேடையில் தம் இடத்தை விட்டுக்கொடுக்காத அதே மனிதர், பாட்டுக்குள் தமக்குரிய இடம் எது என்பதை அறிந்திருந்தார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது தம் தகுதிக்கு இழுக்கு என்று மறுத்த வித்துவான்கள் இருந்தார்கள். ராகம் தானம் பல்லவி என்ற கடினமான கற்பனைப் பகுதியை மேடையில் துணிந்து பாடிய பாடகி டி.கே. பட்டம்மாளின் (1919–2009) தலைமுறையினர் இந்தத் தடையைச் சந்திக்க நேர்ந்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமல் இருந்து, பிற்பாடு பட்டம்மாளுக்கு வாசித்தார். அதனால் அந்த மேதையின் பெருமை ஒரு மாத்திரை அளவும் குறைந்துவிடவில்லை. மறுப்பது தன்மானம் போலத் தோன்றும் காலத்தில், அந்த மறுப்பால் எதிரில் இருப்பவர் சிறுமைப்படுகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள்) ஒன்றாக வைத்து, அது கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை ஆகிய நான்கின் வழியாகப் பிறக்கும் என்கிறது. பெருமிதம் கொள்வதை அது குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கில் புகழ் பிறர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கொடையோ பிறர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் கொடை. பதினாறு ஆண்டுக் கல்வியும் துணிவும் உங்களிடம் இருக்கின்றன. பாடகர் கேட்டது கொடையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் அதைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பலர் முன்னிலையில் சொன்னது தவறு. ஆயினும் சொன்ன முறை தவறு என்பதாலேயே சொன்ன செய்தியும் தவறாகிவிடாது. அந்தக் கச்சேரியின் பதிவு கிடைத்தால் ஒரு முறை உங்கள் வாசிப்பை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். மெதுவாகச் செல்லும் விளம்ப காலக் கீர்த்தனையில் சாகித்தியத்தின் ஒரு சொல் நின்று ஒலிக்க வேண்டிய இடத்தில் உங்கள் சொற்கட்டு அதை மூடுகிறதா? ஒரே வரியைப் பலவாறு விரித்துப் பாடும் நிரவலில் அவர் அமைதியாக விரித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த கோர்வைக்கு (முத்தாய்ப்பான தாளக் கணக்குக்கு) அவசரப்படுகிறீர்களா? தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முழுக்க முழுக்க உங்களுடையது. அங்கே உங்கள் கற்பனைக்கு எவரும் வரம்பு கட்டக் கூடாது. நீங்களும் கட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அங்கேயும் தாளமும், தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பும் பாட்டினுடையவையே. மோரா எனும் முடிப்பையும் கோர்வையையும் முடித்து நீங்கள் வந்து சேர வேண்டிய இடம் பாடகர் காத்திருக்கும் அந்த எடுப்புத்தான்.

பெயர் விடுபட்டதைப் பற்றி ஏற்பாட்டாளர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்; அந்தக் கணக்கைப் பாடகரின் தலையில் ஏற்ற வேண்டாம். அவரை நேரில் சென்று பாருங்கள். மன்னிப்புக் கேட்கவோ வாதாடவோ போக வேண்டாம். "எந்தப் பாட்டில், எந்த இடத்தில் நான் பாட்டை விட்டு விலகினேன்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஓர் இடத்தைக் காட்டினால் வீட்டுக்கு வந்து அந்த இடத்தைச் சாதகம் செய்து பாருங்கள். ஓர் இடத்தையும் காட்ட முடியாவிட்டால், அவர் சொன்ன சொல்லை அங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பி வாருங்கள்.