வாங்கிச் சாப்பிட்டவள் சொல்கிறேன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். மாதாமாதம் ஐம்பது யூரோவை சூடானில் பட்டினி கிடப்பவர்களுக்கு அனுப்புகிறாள். "தனக்கு மிஞ்சித்தான் தானம். நம் தெருவிலேயே ஏழைகள் இருக்கும்போது முன்பின் தெரியாத நாட்டுக்கு எதற்கு?" என்று அவள் அப்பா கோபிக்கிறார். இருவரும் பேசி இரண்டு மாதமாகிறது. யார் பக்கம் நியாயம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மகள் பக்கம்தான், சகோதரி. இந்த விஷயத்தில் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. முன்பின் தெரியாத நாட்டார் அனுப்பியதைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

1967ல் மூன்றாம் வகுப்பு படித்தேன். மதிய உணவுக்கு மணி அடித்ததும் அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்போம். மஞ்சள் நிறத்தில் மக்காச்சோள ரவை உப்புமா. சில நாள் பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய பால், லேசாக அடிப்பிடித்த வாசனையோடு. 'கேர்' அமைப்பு மூலம் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு அது. எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் அச்சாகியிருக்கும். காலி டின்களைத் தட்டி விரித்து, எங்கள் பள்ளிச் சமையல் ஆயா தன் குடிசைக்குக் கதவு செய்திருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கதவு நிறைய அந்தக் கைகள்தான். யாருடைய கைகள் என்று ஆயாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டில் இரவில் கூழ் இருக்கும், சில நாள் இருக்காது. பகல் சோறு நிச்சயம் என்பதால்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான் எழுத்துப் படித்தது அப்படித்தான்.

1971ல் கிழக்கு வங்காள (இன்றைய வங்கதேச) அகதிகள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவ ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உடுப்பு சேறாகும். இறங்குவீர்களா, மாட்டீர்களா? இறங்குவேன் என்றால், குழந்தை பத்தடி தூரத்தில் இருந்தால் என்ன, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால் என்ன? இந்த வாதத்தை நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் குளத்தில் கிடந்த குழந்தை நான் அல்லவா? அவர் வாதம் முழுக்கக் கரையில் நிற்பவரோடு நடக்கிறது. குழந்தை பேசுவதில்லை. பேசியிருந்தால், "தூக்கிவிட்டீர்கள், நன்றி. ஆனால் நினைத்தபோது கையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லியிருக்கும்.

கையை விட்ட கதைகள் உண்டு. 1966, 67ல் பீகார் வறட்சியில் தவித்தபோது அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதக்கணக்கில் இழுத்தடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்பினார். நம் விவசாயக் கொள்கையை மாற்றவைக்க அது ஒரு பிடி. வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னதிலும் அவருக்கு ஆத்திரம். நான் தட்டேந்தி நின்ற அதே வருடங்கள். 1974ல் வங்கதேசத்தில் பஞ்சம். கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றார்கள் என்பதற்காக அமெரிக்கா உணவு உதவியை நிறுத்திவைத்தது. சாக்கு விற்றவர் யாரோ, செத்தவர் யாரோ.

இப்போது சூடான். 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வடக்கு தார்ஃபூரின் ஜம்ஜம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் என்றே அதிகாரபூர்வமாக உறுதிசெய்தார்கள். அங்கே தெருவாசிகளே பணம் திரட்டி, பொதுச் சமையற்கூடங்கள் வைத்து, சோளமும் பருப்பும் சமைத்து அக்கம்பக்கத்துக்கு ஊற்றுகிறார்கள். 2025 தொடக்கத்தில் வாஷிங்டனில் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவி நின்றபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்களில் அடுப்பு அணைந்தது. அந்த உதவி வந்ததும் அதே குலுக்கும் கைகளின் முத்திரையோடுதான். செய்தியைப் படித்த அன்று ஆயா வீட்டுக் கதவு நினைவுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த அதிபர் மாறினாலும் உங்கள் மகளின் ஐம்பது யூரோ நிற்காது. அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நம் தெரு ஏழைகளைப் பற்றி அவர் சொல்வதும் உண்மைதான். அங்கே அவர் கொடுக்கட்டும், சூடானுக்கு அவள் கொடுக்கட்டும். அவளிடமும் ஒன்று சொல்லுங்கள்: அந்தத் தெருவாசிகளின் சமையற்கூடங்களுக்கே நேராகப் போய்ச் சேரும் வழியாகப் பார்த்து அனுப்பட்டும். யார் வீட்டில் இன்று உலை ஏறவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதலில் அப்பாவை அவளுக்கு ஃபோன் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்கிறார்களே, நாம் கொடுப்பது பயன்படுகிறதா என்று எப்படி அறிவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்குபவரின் தகுதியை ஆராய்வதை விட்டு, கொடுக்கும் பொருளின் தகுதியை ஆராயுங்கள். 1971ல் மேற்கு வங்காள எல்லையில், பங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் சமையல் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து வாயால் புகட்டச் சொன்னார். புகட்டியவர்கள் நோயாளிகளின் தாய்மாரும் உறவினரும்தான். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. விலை சில காசு. இப்படி நிரூபணமானவற்றுக்குக் கொடுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு எங்கள் குடியிருப்பில் பழைய துணி சேகரிக்கிறோம். ஒரு லாரி நிறையச் சேர்ந்துவிட்டது. எங்கே அனுப்பலாம்?
– வாசகி, சென்னை

பதில்: அனுப்ப வேண்டாம், அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரியில் நாகப்பட்டினம் பகுதியில் ஒரு மாதம் வேலை செய்தேன். சாலையோரம் எங்கும் துணிக் குவியல். மழை பெய்து நாறிக் கிடந்தது, மாடுகள் மேல் ஏறி நடந்தன. அதை அள்ளிப் போடவே தனியாக ஆள் தேவைப்பட்டது. அக்கரைப்பேட்டைப் பக்கம் ஒரு மீனவப் பெண் குவியலிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துப் பார்த்தார். ஒரு பொத்தான் இல்லை, கழுத்தில் அழுக்குக் கோடு. அதை அழகாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். "கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை அம்மா. போன மாதம் வரைக்கும் எங்கள் வீட்டிலும் பீரோ இருந்தது" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது புது உள்ளாடை, ஒரு பிளாஸ்டிக் குடம், அடுப்பு. குழந்தையின் பள்ளிப் பை. கேட்டதும் பட்டியல் மாதிரி சொன்னார். அதற்கு முன் அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

லாரி வாடகைக்கு வைத்த பணத்தை வெள்ளம் பாதித்த ஊர்ப் பெண்கள் சுய உதவிக் குழுவிடம் கொடுங்கள். துணியை உங்கள் ஊரிலேயே மெக்கானிக் கடைகளுக்குக் கிலோ கணக்கில் விற்கலாம், எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காசையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.