‘வந்தேன்’ என்று அவர் சொன்ன மூன்று இடங்கள்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் இயேசுவைப் பற்றி மூன்று கதை. பக்கத்து வளவு ஐயா, “அவரும் ஒரு அவதாரம்தானே தம்பி, எங்கட சாமியறையிலும் மாதா படம் இருக்கு” என்கிறார். என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் நண்பர், “ஈஸா நபியை நாங்களும் மதிக்கிறோம், அல்லாஹ்வுக்கு மகன் என்று மட்டும் சொல்லாதீங்க” என்கிறார். அம்மா போகும் ஜெபக்கூட்டத்தில், “இயேசு வந்ததே உன் கடனைத் தீர்க்க, உன் வெளிநாட்டுப் பயணத்தைச் சரிப்படுத்த” என்கிறார்களாம். நான் ஞானஸ்நானம் பெற்று சபையில் வளர்ந்தவன். யாருக்கு என்ன பதில் சொல்வது?
வாசகர், கல்முனை

பதில்: ஐயாவும் நண்பரும் தங்கள் நெறி கற்றுத் தந்ததைச் சொல்கிறார்கள். ஜெபக்கூட்டத்தில் வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அதில் இல்லாததைச் சொல்கிறார்கள். ஆகவே மூவரிலும் பெரிய பிழை மூன்றாவதுதான். ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

ஐயா அன்பினால் சொல்கிறார். அந்த அன்பை முறித்துவிடாதீர்கள். அவதாரம் என்பது வைணவம் விரித்துச் சொல்லும் கருத்து. அறம் குன்றும் காலமெல்லாம் இறைவன் இறங்கி வருவான், நல்லவரைக் காப்பான், தீயவரை அழிப்பான், யுகந்தோறும் வருவான். சைவ சித்தாந்தமோ சிவனைப் பிறப்பிலி என்கிறது. ஐயா சைவர் என்றால், இறைவன் ஒரு தாயின் வயிற்றில் பிறந்தான் என்பது அவருடைய நெறிக்கே இலகுவில் ஒத்துவராது. இதை அவரோடு மரியாதையாகக் கதைக்கலாம். சுவிசேஷம் சொல்வது வேறு. அவர் ஒரே தடவை வந்தார். தீயவரை அழிக்க வரவில்லை, அவர்களோடு பந்தியிருந்தார். படகின் பின்புறத்தில் தலையணை வைத்து அயர்ந்து தூங்கினார், நண்பனின் கல்லறையில் அழுதார், ஆணி அடித்தபோது செத்தார். உயிர்த்த பிறகும் அந்த உடலைக் கழற்றி எறியவில்லை. காயத் தழும்போடுதான் சீஷருக்குக் காட்சி கொடுத்தார். மனித உடல் அவருக்கு வேஷமல்ல.

நண்பருக்குப் பதில் சொல்லுமுன் ஒன்றாக நிற்கும் இடங்களைச் சொல்லுங்கள். தகப்பனில்லாமல் மர்யமிடம் பிறந்தவர், மஸீஹ் (கிறிஸ்து), குருடரையும் குஷ்டரோகியையும் சுகமாக்கியவர் என்று குர்ஆனும் சொல்கிறது. அதன் 19ஆம் அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர். இறைவன் யாரையும் பெறவில்லை என்று 112ஆம் அத்தியாயம் சொல்லும்போது அது மறுப்பது உடலால் பெறுவதை என்றால், அதைக் கிறிஸ்தவனும் மறுக்கிறான். கடவுளுக்கு மனைவி உண்டு, அதனால் பிள்ளை பிறந்தது என்று நம் சபைகள் போதிப்பதில்லை. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் ‘ஜெநிப்பிக்கப்பட்டவர் (பெறப்பட்டவர்), உண்டாக்கப்பட்டவரல்ல’ என்று எழுதியபோது பக்கத்திலேயே ‘ஒளியின் ஒளி’ என்றும் எழுதினார்கள். விளக்கு எரியத் தொடங்கிப் பிறகு ஒருநாள் வெளிச்சம் பிறப்பதில்லை. சுடர் இருக்கும் கணமெல்லாம் வெளிச்சமும் இருக்கிறது. அவர்கள் சொல்ல வந்தது அது.

இந்த இடத்தில் நம் ஆட்களே தலைகீழாக விளங்கி வைத்திருக்கும் ஒன்று உண்டு. ‘தேவகுமாரன்’ என்றால் கடவுள் தன்மை, ‘மனுஷகுமாரன்’ என்றால் மனிதத் தன்மை என்று ஞாயிறு பாடசாலையில் படித்திருப்பீர்கள். பழைய ஏற்பாட்டில் தேவனுடைய குமாரன் என்ற அழைப்பு இஸ்ரவேல் ஜனத்துக்கும் (யாத்திராகமம் 4:22), தாவீதின் வழிவந்த அரசனுக்கும் (சங்கீதம் 2:7) உரியது. மனுஷகுமாரனோ தானியேல் 7ஆம் அதிகாரத்தில் வானத்து மேகங்களோடு வந்து முடிவில்லாத ஆளுகையைப் பெறுகிறவர். விசாரணையில் பிரதான ஆசாரியன் தன் வஸ்திரத்தைக் கிழித்ததும், இயேசு அந்த மனுஷகுமாரனைத் தம்மோடு சேர்த்துப் பேசியதைக் கேட்டுத்தான் (மாற்கு 14:61-64). இது தெரியாமல் நண்பரோடு வாதாடினால் இரண்டாவது வசனத்திலேயே தடுக்கி விழுவீர்கள். கடைசியில், மெய்யாகவே பிரிகிற இடத்தை மூடி மறைக்காதீர்கள். அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்று குர்ஆன் 4:157 சொல்கிறது. கொல்லப்பட்டார் என்பதில்தான் சுவிசேஷம் நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டு நண்பராகவே இருங்கள்.

சின்னப் பிழைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கிறிஸ்து’ குடும்பப் பெயரல்ல. அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்ற எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு. நத்தார் நாள் அவருடைய பிறந்தநாள் என்று வேதாகமத்தில் இல்லை; டிசம்பர் 25 ரோமாபுரியில் 4ஆம் நூற்றாண்டில்தான் பதிவில் வருகிறது. அரசன் ஏரோது கி.மு. 4இல் இறந்தான், அவன் உயிரோடிருக்கும்போது பிறந்தவர் அதற்கு முன்னரே பிறந்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்றோ, ராஜாக்கள் என்றோ மத்தேயு எழுதவில்லை; காணிக்கைதான் மூன்று. இன்னொன்று, இது பறங்கியர் கொண்டுவந்த வெள்ளைக்காரச் சாமி என்ற கதை. போர்த்துக்கேயர் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். இயேசு அதற்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில், கலிலேயாவில், தச்சுவேலை செய்த ஒரு யூதர்.

இனி அம்மாவின் ஜெபக்கூட்டம். இயேசு எதற்கு வந்தார் என்பதை நானோ அங்குள்ள போதகரோ சொல்லத் தேவையில்லை. அவரே சொல்லியிருக்கிறார். மாற்கு சுவிசேஷத்தை எடுத்து, அவருடைய வாயில் ‘வந்தேன்’, ‘வந்தார்’ என்று எங்கெல்லாம் நோக்கம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று இடம் கிடைக்கும்: 1:38, 2:17, 10:45.

முதலாவதைக் கிட்ட நின்று பாருங்கள். கப்பர்நகூமில் ஓய்வுநாள் முடிந்து பொழுது சாய்கிறது. ஊர் முழுவதும் நோயாளிகளோடு வீட்டு வாசலில் குவிகிறது, அநேகரைச் சுகமாக்குகிறார். மறுநாள் இருட்டோடு எழுந்து தனியே ஜெபிக்கப் போய்விடுகிறார். பேதுரு தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். இவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், அங்கும் நான் பிரசங்கிக்க வேண்டும், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். வாசலில் கூட்டம் காத்திருக்கும்போதே சொன்ன சொல் இது. அவருக்கு நோயாளிகள்மேல் இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த மூன்றாவது வசனத்திலேயே குஷ்டரோகியைத் தொடுகிறார். ஆனாலும் சுகமாக்குவது வேறு, வந்த நோக்கம் வேறு என்று அவரே பிரித்துவைத்தார். இரண்டாவது இடம் வரிவசூலித்த லேவியின் வீட்டுப் பந்தி: நீதிமான்களையல்ல, பாவிகளையே அழைக்க வந்தேன்.

மூன்றாவதுதான் அச்சாணி. ஊழியங்கொள்ள வராமல், ஊழியஞ்செய்யவும், அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் மனுஷகுமாரன் வந்தார். ‘மீட்கும்பொருள்’ என்பது அடிமையையும் சிறைப்பட்டவனையும் விடுவிக்கக் கொடுக்கும் விலை. நம் பக்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை. பெரும்போக வெள்ளாமைச் செலவுக்குத் தாலிக்கொடியை அடைவு வைத்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கிடக்கும் நகை தானாக எழுந்து வீட்டுக்கு வராது. வெளியிலிருந்து ஒருவர் முழுப் பணத்தோடு போகவேண்டும். அந்த அளவில் இந்த உவமையை நிறுத்துங்கள். விலை யார் கையில் போனது என்று மாற்கு எழுதவில்லை. நாமாக நீட்டினால் கோணலாகிவிடும்.

சொல் சரியாக இருந்தும் பொருள் பிழைக்கலாம் என்பதற்குப் பேதுருவே சாட்சி. 8:29இல் ‘நீர் கிறிஸ்து’ என்கிறான். முழுச் சரி. உடனே இயேசு தாம் பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று சொல்ல, அவரைத் தனியே கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறான். ‘எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே’ என்ற சொல் பிசாசுக்குப் போகவில்லை, சரியான விசுவாச அறிக்கை செய்த சீஷனுக்குப் போயிற்று. இதற்குச் சற்று முன்னே மாற்கு பெத்சாயிதாக் குருடனை வைத்திருக்கிறார். முதல் தடவை கைவைத்தபோது மனிதர் அவனுக்கு நடக்கிற மரங்களைப்போலத் தெரிந்தார்கள். இரண்டாம் தடவைதான் தெளிவாகக் கண்டான். பேதுரு அப்போது மரங்களைக் கண்டுகொண்டிருந்தான். கடன் தீர்க்கும் இயேசுவைக் கண்டவர்களும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அம்மாவிடம் இதைக் கோபமில்லாமல், அவருடைய வேதாகமத்திலேயே திறந்து காட்டுங்கள்.

ஏன் இதில் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். நம்பினால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்பவர், கிடைக்காதபோது உன் விசுவாசம் போதாது, உன் பாவம் தடுக்கிறது என்று சொல்லியே ஆகவேண்டும். அவருக்கு வேறு வழியில்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டக் கரை. உங்கள் கல்முனையும் அதில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் சிறுபிள்ளைகள் பலர். அவர்களுடைய தாய்மாரிடம் போய் எந்த விசுவாசம் குறைந்தது என்று சொல்வது? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, ‘அப்படியல்ல’ என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 13:4-5). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோதும், இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார். இந்த இரண்டு பதிலையும் தெரிந்துகொண்டே மறைக்கும் போதனை இரக்கமற்றது.

பிழை எங்கே தொடங்குகிறது என்றும் சொல்லவேண்டும். வருடப்பிறப்பில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் தொடங்குகிறது. எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம், எத்தனையோ வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கேட்டவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்திருக்க முடியாது. ஒரு வசனத்தை அட்டையில் எடுத்தால் முன்னே ஐந்து, பின்னே ஐந்து வசனம் சேர்த்து வாசிக்காமல் சுவரில் ஒட்டவேண்டாம்.

உங்களுக்கு இனி வேலை இதுதான். மாற்கு மொத்தம் 16 அதிகாரம். உரத்து வாசித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும். இரண்டு இரவாகப் பிரியுங்கள்: முதல் இரவு 8:26 வரை, மறு இரவு மீதி. அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசித்தால் நல்லது. ஒரு கொப்பியில், தாம் கொல்லப்படுவதை அவர் முன்னறிவிக்கும் மூன்று இடங்களை எழுதுங்கள்: 8:31, 9:31, 10:33. ஒவ்வொன்றின் கீழும் சீஷர் உடனே என்ன செய்தார்கள் என்றும் எழுதுங்கள். ஒரு தடவை பேதுரு கடிந்துகொள்கிறான், ஒரு தடவை தங்களில் யார் பெரியவன் என்று தர்க்கம், ஒரு தடவை ஆசனம் கேட்கிறார்கள். பத்தாம் அதிகாரத்தில் ‘நான் என்ன செய்யவேண்டும்’ என்று இயேசு இரண்டு தடவை கேட்பதையும் குறியுங்கள். முதல் தடவை யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டார்; வலதுபக்கம் ஒருவனும் இடதுபக்கம் ஒருவனும் உட்கார இடம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை எரிகோ வழியோரத்துக் குருடனிடம் கேட்டார். பார்வை வேண்டும் என்றான். இரண்டாம் இரவு 15:27க்கு வரும்போது நிறுத்தி, 10:37க்குத் திரும்பிப் போய், அந்த வலதுபக்கமும் இடதுபக்கமும் கடைசியில் யாருக்குக் கிடைத்தது என்று அம்மாவிடம் கேளுங்கள்.