மனைக்கு விலை இல்லாத ஊர்

அன்புள்ள ஐயா,

சோவியத் வீடுகள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அன்று அங்கே நிலம் முழுக்க அரசுடையது. நம் ஊர்போல மனைத் தரகர்களும் லேஅவுட் கொள்ளையும் கிடையாது. அப்படியிருந்தும் மாஸ்கோ ஏன் தீப்பெட்டி அடுக்கியதுபோல ஆனது? அந்தப் பெட்டிகளுக்குள் மனிதர்கள் எப்படித்தான் இருந்தார்கள்?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பலர் சந்தோஷமாகவே குடிபோனார்கள். அதற்கு முன் இருந்தது ‘கொம்முனால்கா’. புரட்சிக்கு முன் ஒரே பணக்காரக் குடும்பம் இருந்த வீட்டில் அறைக்கொரு குடும்பம்; எல்லாருக்கும் ஒரே சமையலறை, ஒரே கழிப்பறை. வாசல் மணிக்குப் பக்கத்தில் சீட்டு: இவருக்கு இரண்டு முறை அடிக்கவும், அவருக்கு நான்கு முறை. பல வீடுகளில் கழிப்பறையில்கூட குடும்பத்துக்கு ஒரு பல்பு, ஸ்விட்ச் அவரவர் அறைக்குள். பொதுவுடைமை நாட்டில் கரண்ட் பில் மட்டும் பொதுவில்லை!

பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வீட்டுப் பஞ்சத்தை ஒழிப்போம் என்று 1957இல் சோவியத் தலைவர் குருஷ்சேவின் அரசு அறிவித்தது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சுவர்களை லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கினார்கள். ஐந்து மாடிக்கு மேல் போனால் லிஃப்ட் வைக்கவேண்டும், ஆகவே ஐந்தோடு நிறுத்தினார்கள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரைக் குடைந்து ஒரு குட்டி அலமாரி, குளிர்காலத்தில் அதுதான் ஃபிரிட்ஜ். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியே பேசமுடியாததையெல்லாம் நண்பர்களோடு விடியவிடியப் பேசியது அந்தச் சமையலறைகளில்தான்.

இனி மனை. நீங்கள் நல்லது என்று சொல்கிற அதுவேதான் கோளாறுக்குப் பாதிக் காரணம் என்பேன். மனைக்கு விலை இருந்தால் நடுஊரில் ஏக்கர் கணக்கில் கிடக்கும் பழைய தொழிற்சாலை விற்றுவிட்டு வெளியே போகும். மாஸ்கோவில் போகவில்லை. ஜில் லாரித் தொழிற்சாலை கிரெம்ளினிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சோவியத் ஒன்றியமே போனபிறகும் பல வருடம் நின்றது. கட்டுபவர்களுக்கோ எத்தனை சதுர மீட்டர் கட்டினோம் என்பதுதான் கணக்கு. கிரேன் ஓட்ட வெறும் வயல் வசதி. எனவே புது வீடுகள் ஊர் ஓரத்துக்குப் போயின. எழுபதுகளில் அங்கே 9 மாடி, 16 மாடி என்று எழுந்தன. மற்ற ஊர்களில் நடுவிலிருந்து விலக விலக நெருக்கம் குறையும், மாஸ்கோவில் கூடியது.

யாருக்கு எங்கே வீடு என்று விலை தீர்மானிக்கிற வேலையை அங்கே வீட்டுக்கான கியூவும் பாஸ்போர்ட் முத்திரையும் செய்தன. 1932இல் வந்த உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ‘புரோபிஸ்கா’ என்ற விலாசப் பதிவு முத்திரை இல்லாமல் மாஸ்கோவில் குடியிருக்கமுடியாது. அந்த முத்திரைக்காகவே நடந்த பொய்க் கல்யாணங்கள் உண்டு.

2017இல் அந்த ஐந்து மாடி வீடுகளை இடிப்பதாக மாஸ்கோ நகர நிர்வாகம் அறிவித்தது. வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். இப்போது அந்த மனைகளுக்கு விலை இருக்கிறது, தங்களை எங்கே தூக்கிப்போடுவார்களோ என்பது அவர்கள் பயம்.