பெருந்துறை யூனிட்டில் மட்டும் லாக் கட்டளை மணிக்கணக்கில் தாமதம்: பதில்

தையல் ஆலை டேப்லெட்டுகளை தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் மென்பொருளில் லாக் (பூட்டும்) கட்டளை அனுப்பினால், பெருந்துறை யூனிட்டில் மட்டும் மணிக்கணக்கில் தாமதமாகுதுன்னு கேட்டிருந்தீங்க. மீதி 400 டேப்லெட்டை இப்போதைக்கு அந்த மென்பொருளில் சேர்க்காதீங்க. முதலில் பெருந்துறை யூனிட்டின் ஃபயர்வாலை, அதாவது நெட்வொர்க்கில் எது போகலாம் வரலாம்னு முடிவு செய்யும் தடுப்பைப் பாருங்க. அதே மென்பொருள், அதே மாடல், பல்லடத்தில் உடனே பூட்டுது என்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் நெட்வொர்க்கில்தான்.

கட்டளை காத்திருக்கு என்பதை ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்குச் சொல்வது கூகுளின் எஃப்சிஎம் சேவை. அதற்கு வெளியே போகும் டிசிபி போர்ட் (இணைப்பு வாசல்) 5228, 5229, 5230, கூடவே 443 திறந்திருக்கணும். இவை அடைபட்டிருந்தால், டேப்லெட் தானாக சர்வரை எட்டிப் பார்க்கும் வரைக்கும் கட்டளை அங்கேயே கிடக்கும். நீங்கள் சொல்லும் தாமதம் அப்படித்தான் தெரியுது.

சோதிக்க: ஒரு டேப்லெட்டை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து லாக் அனுப்புங்க. சில நொடியில் பூட்டினால் ஃபயர்வால்தான். போர்ட்டைத் திறக்கும்போது குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டாம், கூகுளின் ஐபிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஏற்கெனவே லைனில் ஓடும் டேப்லெட்டை முழுக் கட்டுப்பாட்டில் கொண்டுவர ஃபேக்டரி ரீசெட் செய்தாகணும். சர்வருக்கு ஏறாத பீஸ் கணக்கு (யார் எத்தனை தைத்தார் என்பது) அதோடு போய்விடும். அது டெய்லர்களின் கூலிங்க. சனிக்கிழமை சம்பளம் முடிந்து, கணக்கு முழுசும் ஏறியதைப் பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை லைன் லைனாகச் செய்யுங்க. ரீசெட்டுக்குப் பிறகு ஆப்பை மறுபடி இறக்கணும்; 150 எம்பி ஆப்பை 200 டேப்லெட் ஒன்றாக இறக்கினால் 30 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 80 நிமிஷம் ஆகும்.

ஹாட்ஸ்பாட்டிலும் தாமதமானால் டேப்லெட்டின் பேட்டரி சேமிப்பு அமைப்பு எப்படி இருக்குன்னு எழுதுங்க.