வாசகர் கேள்வி – பதில்: கேம்பர் சுவரில் ஒரு சாமான் கதவு

கேள்வி: எங்களுடையது 17 அடி கேம்பர் ட்ரெய்லர் (காரில் கட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வண்டி). உள்ளே மரச்சட்டம், வெளியே வரிவரியான அலுமினியத் தகடு. பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் நல்ல இடம் இருக்கிறது. ஆனால் ஒரு மடக்கு நாற்காலி எடுக்கக்கூட மெத்தையைத் தூக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்தே திறக்கும்படி ஒரு கதவு வைக்க நினைக்கிறோம். நாங்களே செய்யலாமா? எங்கே, எப்படி அறுப்பது?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: தாராளமாகச் செய்யலாம். ரம்பமும் டிரில்லும் பழகிய கை என்றால் ஒரு சனி, ஞாயிறு போதும். தகட்டை அறுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கு முன் உள்ளே சட்டம் போடுவதும், பிறகு தண்ணீர் புகாமல் கதவை உட்கார வைப்பதும்தான் நேரம் பிடிக்கும். இந்த இரண்டில் அவசரப்பட்டால் சுவருக்குள் மரம் ஊறி உளுத்துப்போகும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கதவு கைக்கு வந்த பிறகே சுவரில் பென்சில் வையுங்கள். கடையில் 24க்கு 14 அங்குலம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது சுவரில் அறுக்க வேண்டிய துளையின் அளவு. வெளி விளிம்பு அதைவிட நாலு பக்கமும் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும். சிலர் வெளி விளிம்பின் அளவைப் போட்டு விற்கிறார்கள். அதை நம்பி அறுத்தால் கதவு துளைக்குள்ளேயே விழுந்துவிடும். கதவோடு வரும் தாளைப் படித்தாலும், நிலையின் உட்பகுதியை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். நிலையின் ஆழமும் உங்கள் சுவரின் தடிமனும் ஒத்துவர வேண்டும். உங்களுடையது போன்ற வண்டியில் சட்டம் ஒன்றரை அங்குலம், உள்பக்க பிளைவுட் எட்டில் ஒரு அங்குலம், அவ்வளவுதான். கீல் மேலே வரும் கதவாக எடுங்கள். திறந்து நிறுத்தினால் துளைக்கு மேல் ஒரு சின்னக் கூரை கிடைக்கும். இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதி அமெரிக்க ட்ரெய்லர் தொழிலின் தலைநகரம். தொழிற்சாலைகளில் மிஞ்சும் கதவுகள் அங்கே கடைகளில் கிடைக்கும். அப்படி வாங்கினால் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

வேலையை உள்ளேயிருந்து தொடங்குங்கள். வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். கட்டில் பெட்டிக்குள் இருக்கும் பிளைவுட்டைக் கதவு வரும் இடத்தில் தாராளமாக வெட்டி எடுத்துவிடுங்கள். கத்தி எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்க வேண்டாம். இப்போது சட்டம் எங்கே, ஒயர் எங்கே, பஞ்சு எங்கே என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சட்டங்களுக்கு இடையே 16 அங்குலம் இருக்கும் என்று வீட்டுச் சுவர் கணக்கில் அறுக்காதீர்கள். ட்ரெய்லரில் இடைவெளி ஒழுங்காக இருக்காது. பக்கவாட்டு விளக்குக்குப் போகும் ஒயர் பெரும்பாலும் இந்தச் சுவருக்குள்தான் ஓடும். சக்கர வளைவு, தண்ணீர்த் தொட்டி, ஹீட்டரின் புகைபோக்கி ஆகியவற்றிலிருந்து விலகியே இடம் குறியுங்கள். திறந்த கதவு புகைபோக்கியையோ ஃப்ரிட்ஜின் காற்றுத் துவாரத்தையோ மூடக் கூடாது. கீழ்ச்சட்டத்தை எக்காரணம் கொண்டும் வெட்ட வேண்டாம். கதவின் அடி, வண்டியின் உள்தரையைவிட ஓர் அங்குலமாவது மேலே இருக்கட்டும்.

சட்டத்தை ஒரு குத்தூசியால் அங்கங்கே குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால், கதவை மறந்துவிட்டு முதலில் அந்தக் கசிவைத் தேடுங்கள்.

மரம் நன்றாக இருந்தால் துளையின் நாலு பக்கமும் புதுச்சட்டம் போடுங்கள். ‘இரண்டுக்கு இரண்டு’ என்று விற்கும் மரம் உண்மையில் ஒன்றரை அங்குலம்தான், அது சரியாக வரும். 24க்கு 14 கதவுக்குப் பத்தடி நீளம் போதும். நடுவில் ஒரு நிலைச்சட்டம் குறுக்கிட்டால் அதை வெட்டலாம். ஆனால் மேலும் கீழும் வரும் குறுக்குச்சட்டங்கள் இருபுறமும் உள்ள அடுத்த நிலைச்சட்டம் வரை போய்ச் சேர வேண்டும். வெறும் ஆணி வேண்டாம், பசையும் திருகும் சேர்த்துப் பிடியுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள். ஈரத்தைத் தாங்கும் என்று எண்ணி மருந்தூட்டிய மரத்தைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள செம்பு அலுமினியத் தகட்டை அரித்து ஓட்டை போட்டுவிடும். சாதாரண உலர்ந்த பைன் மரமே நல்லது.

பிறகு உள்ளிருந்து நாலு மூலையிலும் சிறு துளையிட்டு, வெளியே வந்து அந்தப் புள்ளிகளைக் கோடாக இணையுங்கள். கோட்டின் மேல் பெயின்டர் டேப் ஒட்டுங்கள். ஜிக்சா ரம்பத்தின் அடித்தகட்டிலும் அதே டேப்பைச் சுற்றினால் வண்டியின் பெயின்டில் கீறல் விழாது. அங்குலத்துக்கு 24 பல் உள்ள உலோக பிளேடு வேண்டும். மரம் அறுக்கும் பெரிய பல் பிளேடு தகட்டைப் பிடித்து உதறி மடக்கிவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. உங்கள் தகட்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி இருக்கின்றன. கதவின் விளிம்போ தட்டையானது. மேட்டில் மட்டும் உட்காரும், பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாய்க்காலாகத் திறந்து நிற்கும். ஒரு சுற்று பியூட்டைல் டேப் (கசிவை அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டித் திருகினால் போதும் என்று நினைத்தால் அந்த வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். பியூட்டைல் டேப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பள்ளங்களை மட்டும் மேட்டின் உயரத்துக்கு நிரப்புங்கள். விரலால் தடவினால் ஏற்ற இறக்கம் தெரியக் கூடாது. அதன் பிறகு விளிம்பின் பின்பக்கம் முழுச்சுற்று டேப். கதவின் விளிம்பைச் சுற்ற ஏழடி, பள்ளத்துக்குத் தனியாக, ஆக முப்பதடிச் சுருள் ஒன்று தாராளம். பியூட்டைல்தானா என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே விலை குறைவாகக் கிடக்கும் புட்டி டேப் சில வருடங்களில் காய்ந்து வெடித்துவிடும்.

எட்டாம் நம்பர், ஓர் அங்குல எவர்சில்வர் திருகு ஏறக்குறைய 30 வேண்டும், மூன்று அங்குலத்துக்கு ஒன்று. எதிரெதிர் மூலையாக மாறி மாறி, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் நிலை வளைந்துவிடும், கதவு ரப்பரில் சரியாகப் பொருந்தாது. மறுநாள் இன்னொரு முறை இறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து எடுங்கள். குளிர் நாளில் பியூட்டைல் கட்டியாக நிற்கும், பிதுங்கவே பிதுங்காது. அக்டோபர் கடைசியில் ஒன்டாரியோவில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே இறுக்குங்கள்.

கடைசியாக மேல்விளிம்பிலும் இரண்டு பக்கமும் வழிந்தோடாத வகை ட்ரெய்லர் சீலன்ட் ஒரு கோடு. கீழ்விளிம்பில் வேண்டாம். தப்பித்தவறி உள்ளே வரும் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. கதவுக்கு மேலே ஒரு மழைத்தடுப்புப் பட்டையும் வைத்துவிட்டால் ரப்பருக்குப் பாதி வேலை மிச்சம்.

சோதனைக்கு ஒரு தாள் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் எங்கேயும் லேசாக வழுக்கி வரக் கூடாது. பிறகு ஹோஸால் கீழிருந்து மேலாக, அழுத்தமில்லாமல், பத்து நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

கேள்வி: இதே போன்ற கதவை நாங்கள் சென்ற வருடமே வைத்தோம். சுற்றிலும் சிலிக்கான் தடித்துப் பூசியும் உள்ளே ஈரம். மேலும் பூசினால் நிற்குமா?
– ஒரு வாசகி, மிச்சிகன்

பதில்: நிற்காது அம்மா. ஓடும் வண்டியின் சுவர் நெளிந்துகொண்டே இருக்கும், வெயிலில் அலுமினியம் நீளும். ஓரத்தில் மட்டும் பூசிய சிலிக்கான் ஒரு முனையில் உரிந்தாலே போதும், தண்ணீர் உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் தங்கும். கீழ்விளிம்பிலும் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அப்படியானால் சுவருக்குள் ஒரு தொட்டியே கட்டியாகிவிட்டது. பழைய சிலிக்கான்மேல் வேறு எதுவும், புது சிலிக்கான்கூட, உருப்படியாக ஒட்டாது. கதவைக் கழற்றி, சிலிக்கானைக் கடைசித் துணுக்கு வரை சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். சட்டத்தைக் குறைந்தது ஒரு வாரம் காற்றாட விட்டு, மேலே சொன்னபடி பியூட்டைலில் மறுபடி உட்கார வையுங்கள்.

கேள்வி: 13 அடி பழைய ஃபைபர் கிளாஸ் போலர் ட்ரெய்லர் வைத்திருக்கிறேன். இதில் அறுக்கலாமா?
– ஒரு வாசகர், வின்னிபெக்

பதில்: உங்கள் ஊரில் 1968இல் பிறந்த வண்டி அது, பார்த்துச் செய்யுங்கள். அதில் மரச்சட்டமே கிடையாது. ஓடுதான் சுவர், ஓடுதான் பலம். உள்ளே இருக்கும் அலமாரிகளும் கூரையைத் தாங்குகின்றன, அவற்றைத் தொடாமல் சின்னக் கதவாக வையுங்கள். மூலை வளைந்த கதவுதான் வேண்டும். கூர்மூலையாக அறுத்தால் அங்கிருந்து கீறல் ஓடும். முதலில் மூலைக்கு ஒன்றாக வட்ட ரம்பத்தால் துளை போட்டு, பிறகு அவற்றை இணைத்து அறுங்கள்.

சுவரின் வளைவுதான் பெரிய தொல்லை. தட்டையான நிலையை வளைந்த ஓட்டில் வைத்துத் திருகினால் நிலை வளையும் அல்லது ஓடு வெடிக்கும். உள்பக்கம் இரண்டு அங்குல அகலத்தில் படகு பிளைவுட் வளையம் ஒன்றை வளைவுக்கு ஏற்றபடி வெட்டுகொடுத்து எப்பாக்சியில் ஒட்டுங்கள். வெளிப்பக்க இடைவெளியையும் எப்பாக்சி நிரப்பியால் தட்டையாக்குங்கள். பழைய ஓட்டில் பாலியெஸ்டர் ரெசினைவிட எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். திருகுக்குப் பதில் போல்ட், வாஷர், நட். அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. நல்ல மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: புதுக் கதவின் சாவி பக்கத்து வண்டிக்காரரின் சாமான் கதவையும் திறக்கிறது! பூட்டு பழுதா?

பதில்: பழுதில்லை. சாவியில் சிஹெச்751 என்று பொறித்திருக்கும், பாருங்கள். வட அமெரிக்காவில் எண்ணற்ற ட்ரெய்லர் சாமான் கதவுகளுக்கு இதே சாவிதான். பூட்டின் நீளத்தை அளந்து, அதே நீளத்தில் வேறு சாவியுள்ள கேம் லாக் (சாவியைத் திருப்பினால் நாக்கு சுழலும் சிறு பூட்டு) வாங்கி மாற்றுங்கள். உள்ளே ஒரு நட், ஒரு திருகு, பத்து நிமிட வேலை.

கேள்வி: பின்பக்க அறையில் ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் வைக்கலாமா? எவ்வளவு எடை ஏற்றலாம்?

பதில்: பெட்ரோல் கூடவே கூடாது, புரொப்பேன் சிலிண்டரும் கூடாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்த இடம் நீங்கள் தூங்கும் அறையோடு சேர்ந்தது. இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனம், தரையோடு பரவி ஹீட்டரின் தீயைத் தேடிப் போகும். டேங்க்கில் பெட்ரோல் மிச்சமுள்ள ஜெனரேட்டருக்கும் இதே தடைதான்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 1,400 கிலோ, ஹிட்ச்சில் (காரோடு வண்டி இணையும் இடத்தில்) விழும் எடை 160 கிலோ என்றால் அது 11 சதவீதத்துக்குச் சற்று மேல். 10 முதல் 15 வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சக்கர அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 60 கிலோ ஏற்றுகிறீர்கள், ஹிட்ச் அச்சுக்கு 4 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹிட்ச்சில் 30 கிலோ குறைந்து 130 ஆகிவிடும். மொத்த எடையோ 1,460. ஒன்பது சதவீதம்கூட இல்லை. லாரி ஒன்று கடந்து போனாலே வண்டி வாலாட்டத் தொடங்கும். பின்னறையில் நாற்காலி, தரைவிரிப்பு, ஹோஸ் போன்றவற்றை வையுங்கள். கனமான கருவிப் பெட்டியும் தண்ணீர்க் கேனும் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ இருக்கட்டும்.