பெருக்கல் குறி இட்டதும் இனங்களின் வேறுபாடு எங்கே போனது?

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் ஏ.ரி. 362, பி.ஜி. 352 ஆகிய நெல்லினங்களின் விளைச்சலைக் காலபோகத்திலும் (மழைக்காலப் பயிர்) சிறுபோகத்திலும் (நீர் குறைந்த காலப் பயிர்) அளந்தேன். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் 'விளைச்சல் ~ இனம் + போகம்' என்று எழுதியபோது இனங்களுக்கிடையே தெளிவான வேறுபாடு தெரிந்தது. கூட்டலைப் பெருக்கலாக மாற்றியதும் அது மறைந்துவிட்டது. எதை ஆய்வறிக்கையில் எழுதுவது?
- மாணவி, கிளிநொச்சி

பதில்: அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். கூட்டல் குறி இட்ட மாதிரியுரு (தரவுக்குப் பொருத்தும் சமன்பாடு), இனங்களுக்கிடையிலான வேறுபாடு இரு போகங்களிலும் ஒன்றே என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. பெருக்கல் குறி அந்த எடுகோளை நீக்கிவிடுவதால், வெளியீட்டில் 'இனம்' என்ற வரியிலுள்ள குணகம் (மதிப்பிட்ட எண்), ஒப்பீட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளும் அடிப்படைப் போகத்தில் காணப்படும் வேறுபாட்டை மட்டுமே சொல்லும். அடிப்படை எதுவென்று நீங்கள் குறிப்பிடாவிட்டால், மென்பொருள் அகரவரிசையில் முந்தியதை எடுத்துக்கொள்ளும். உங்கள் தரவில் அது காலபோகம்.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். காலபோகத்தில் ஏ.ரி. 362 ஹெக்டேயருக்கு 4000 கிலோவும் பி.ஜி. 352 4100 கிலோவும், சிறுபோகத்தில் முறையே 3000, 3900 கிலோவும் விளைந்தால், இனத்தின் குணகம் 100, இடைத்தாக்கத்தின் (போகம் மாறும்போது இன வேறுபாடு எவ்வளவு மாறுகிறது என்பதன்) குணகம் 800. சிறுபோக வேறுபாடான 900 எந்த வரியிலும் நேரடியாக இராது; இவ்விரண்டையும் கூட்டித்தான் அதைப் பெறவேண்டும். அதன் நியம வழுவையும் (மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் அளவு) சேர்த்துப் பெற 'ஆர்' மென்பொருளின் கூடுதல் கட்டளைத் தொகுப்பான 'எம்மீன்ஸ்' பொதி உதவும். 'இனம்' என்ற வரியை மட்டும் பார்த்து 'இனத்தால் வேறுபாடில்லை' என்று எழுதினால், நீர் குறைந்த போகத்தில் எதை விதைப்பது என்று கேட்கும் விவசாயிக்குத் தவறான பதில் போய்ச் சேரும் என்பதே என் பெரிய கவலை. ஆகவே இடைத்தாக்கத்தை முதலில் சோதியுங்கள். அது வலுவாக இருந்தால் போகவாரியாக எழுதுங்கள்.

சிறுபோகத்தில் குளத்து நீருக்கேற்பவே விதைப்பு நடப்பதால், உங்களிடம் அப்போகத்து வயல்கள் குறைவாக இருக்கக்கூடும். எண்ணிக்கை சமமற்றபோது, விளைச்சல் வேறுபாட்டை அதன் காரணிகளுக்குப் பிரித்துக்காட்டும் 'அனோவா' அட்டவணை, உறுப்புகளை எழுதிய ஒழுங்கைப் பொறுத்து மாறும். ஒரே வயலில் பல துண்டுகளையோ இரு போகங்களையோ அளந்திருந்தால், அவ்வளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. 'எல்எம்ஈ4' பொதியில் வயலுக்கு வயல் உள்ள வேறுபாட்டைக் கணக்கிலெடுக்கும் '(1 | வயல்)' என்ற எழுமாற்று விளைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவுக் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இனத்தை 352, 362 என்று வெறும் எண்ணாகப் பதிந்திருந்தால், மென்பொருள் அதை அளவாகக் கருதி, முழு வேறுபாட்டின் பத்திலொரு பங்கையே குணகமாகத் தரும். 'ஃபாக்டர்' கட்டளையால் அதை வகையாக மாற்றிய பின்னரே மாதிரியுருவை மீண்டும் ஓட்டவேண்டும்.